உப்பு மூட்டை காத்த உத்தமர்

(பின்னலாடைகளுக்குச் சாயமேற்றும் ஆலை ஒன்றில், பணி நிறைவு பெறும் பொது மேலாளருக்கு பாய்லர் பிரிவுத் தொழிலாளர்கள் வாசித்தளித்த வாழ்த்து மடல்)

பெருமதிப்பிற்குரிய ஐயா!

எங்களுக்கு முன் மைக்கைப் பிடித்தவர்கள் தங்கள் நிர்வாகத் திறனைப் புகழ்ந்தார்கள். கப்பலுக்குச் சரக்கு தவறாமல் போனதைப் புகழ்ந்தார்கள். கணக்குப் பிரிவினர் தங்கள் கையெழுத்தின் அழகைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் தங்கள் பணிக்காலத்தின் ஆகப் பெரிய சாதனையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சாதனை பாய்லருக்குள் இருக்கிறது. மேன்ஹோலைத் திறந்து, தலையை நுழைத்து, டார்ச் அடித்துப் பார்த்தவர்களுக்கு மட்டுமே அதன் அருமை தெரியும். ஸ்மோக் டியூப்களின் மேலும் வாட்டர் வால் டியூப்களின் உள்ளேயும் வெள்ளையும் சாம்பலுமாய், சுத்தியலால் தட்டினால் கணீரென்று பதில் சொல்லும் உறுதியோடு, தாங்கள் அரும்பாடுபட்டு வளர்த்த ஸ்கேல் என்ற உப்புப் படிவைப் போற்றவே இந்த மடல்.

சிக்கனச் செம்மலே!

நம் ஆலைத் தண்ணீரின் குணம் ஊருக்கே தெரியும். போர்வெல்லில் வருவது சப்பைத் தண்ணீர். லாரியில் வருவது எந்தக் கிணற்றில் ஏற்றினார்களோ அந்தக் கிணற்றின் குணம். இந்தப் பாறை பூமியில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். குடிநீருக்கே 200 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்க அளவு, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மனிதக் குடலுக்கு இருக்கும் அந்தப் பொறுமை இரும்புக் குழாய்க்குக் கிடையாது. பாய்லருக்குள் போகும் தண்ணீரில் கடினத்தன்மை ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும்.

ஏனென்றால் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் உடைந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு நீராவியோடு போய்விடும். சுண்ணாம்புக் கல் தங்கிவிடும். சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும். சுண்ணாம்பும் ஜிப்சமும் அதற்கு நேர் எதிர். சூடு ஏற ஏறக் கரையும் அளவு குறையும். அதனால் எந்த இடத்தில் நெருப்பு அதிகம் தாக்குகிறதோ, எந்த இடம் சுத்தமாக இருந்தே ஆக வேண்டுமோ, அந்த இடமாகப் பார்த்துத்தான் அவை முதலில் குடியேறும்.

இதைத் தடுக்கத்தான் முதலாளி சாஃப்ட்னர் வாங்கி வைத்தார். அதிலிருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விட்டுவிடும். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலை ஊற்றிக் கழுவினால் மறுபடி வேலைக்கு வரும். நம் சாஃப்ட்னரில் 100 லிட்டர் ரெசின். லிட்டருக்கு 50 கிராம் பிடிக்கும் என்று வைத்தால் மொத்தம் 5 கிலோ. 500 மில்லிகிராம் தண்ணீரில் 10,000 லிட்டர் ஓடினால் கணக்கு முடிந்தது. 15 கிலோ உப்பு போட்டு ரீஜெனரேஷன் செய்தாக வேண்டும். நமது 3 டன் பாய்லர் 20 மணி நேரம் ஓடுகிறது. தங்கள் காலத்தில் கண்டென்சேட் பாதி திரும்பி வந்தது. மீதிக்குச் சுமார் 30,000 லிட்டர் புதுத் தண்ணீர் வேண்டியிருந்தது. ஆக நாளுக்கு மூன்று ரீஜெனரேஷன், 45 கிலோ உப்பு. ஒரு மூட்டைகூட முழுதாகத் தீராது.

இந்த ஊதாரித்தனத்தைத்தான் தாங்கள் கண்டுபிடித்தீர்கள்.

சாயப் பிரிவில் 500 கிலோ துணி உள்ள ஒரே ஒரு லாட்டுக்கு, கிலோவுக்கு 8 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று போட்டால் 240 கிலோ உப்பு கரைகிறது. அதைத் தாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. "சாயத்துக்குப் போடுற உப்புக்குப் பார்ட்டி காசு குடுக்கறான். பாய்லருக்குப் போடுற உப்புக்கு யாருய்யா காசு குடுக்கறான்?" என்று தாங்கள் கேட்ட கேள்விக்கு அன்று எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. மறுநாள் முதல் ரீஜெனரேஷன் நாளுக்கு ஒன்றே போதும் என்று உத்தரவானது. 10,000 லிட்டர் மெது நீர். மீதி 20,000 லிட்டர் அப்படியே சப்பை நீர். தினமும் 30 கிலோ உப்பு மிச்சம், 10 கிலோ சுண்ணாம்புக் கல் வரவு. வேலைநாள் 25 என்றால் மாதத்துக்குக் கால் டன் கல். அதில் ஒரு பங்கு புளோ டவுனில் வெளியேறிவிடுமே என்று தாங்கள் கவலைப்பட்டீர்கள். அந்தக் கவலையையும் தாங்களே தீர்த்து வைத்த கதை பின்னால் வருகிறது.

மெய்ப்பொருள் கண்ட மேலோரே!

சாஃப்ட்னரிலிருந்து வரும் தண்ணீர் உண்மையிலேயே மெது நீர்தானா என்று பார்க்க ஒரு சின்ன டெஸ்ட் கிட் உண்டு. சோதனைக் குப்பியில் தண்ணீரை எடுத்து, பஃபரும் இண்டிகேட்டரும் சேர்த்தால் கடினத்தன்மை இருக்கும் தண்ணீர் ஒயின் சிவப்பாகும்; இல்லாத தண்ணீர் நீலமாக நிற்கும். சிவப்பாக வந்தால் ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலமாக மாறும்வரை எண்ணினால் அளவு தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

தாங்கள் வந்த புதிதில் அந்த இண்டிகேட்டர் தீர்ந்துபோனது. நாங்கள் இண்டெண்ட் போட்டோம். "கண்ணுக்குத் தெரியாத ஒண்ண எதுக்குய்யா தேடறீங்க?" என்று கேட்டீர்கள். அந்த ஒற்றைக் கேள்வியில் நாங்கள் தெளிந்தோம். அன்று முதல் லாக் புத்தகத்தில் கடினத்தன்மைக் கட்டத்துக்கு நேரே 'நில்' என்று எழுதிவந்தோம். மாதத் தொடக்கத்திலேயே கடைசித் தேதிவரை எழுதி முடித்துவிடுவோம். மற்ற ஆலைகளில் கோடைக்கு ஓர் அளவு, மழைக்கு ஓர் அளவு, லாரி மாறினால் வேறு அளவு என்று தண்ணீர் ஆளை அலைக்கழிக்கும். 500 என்று கணக்குப் போட்ட தண்ணீர் சித்திரை மாதத்தில் 800 ஆனால், 10,000 லிட்டருக்குத் தாங்கும் ரெசின் 6,250 லிட்டரிலேயே கைவிட்டுவிடும். நம் ஆலையில் மட்டும் பருவம் மாறினாலும் பஞ்சம் வந்தாலும் நில் என்றால் நில்தான். ஐ.எஸ்.ஓ. தணிக்கைக்கு வந்தவரே அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சபாஷ் என்றார்.

நீர்வளம் காத்த நெஞ்சினரே!

பாய்லரில் நீராவி போகப் போக, அதில் போகாத உப்புகளெல்லாம் உள்ளேயே தங்கிச் செறிகின்றன. நம்முடையது போன்ற பாய்லரில் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 3,500 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அதற்காக அவ்வப்போது அடி வால்வைத் திறந்து புளோ டவுன் கொடுப்போம். சாஃப்ட்னரை ஏமாற்றிவிட்டு வரும் கொஞ்சநஞ்சக் கால்சியத்தைப் பாஸ்பேட் மருந்து இளஞ்சேறாக மாற்றி அடியில் தள்ளும். அந்தச் சேறும் அதே வால்வு வழியாக வெளியேறும்.

கொதிக்கிற தண்ணீர் சாக்கடைக்குப் போவதைத் தாங்கள் ஒரு நாள் கண்ணால் கண்டீர்கள். கண்டதும் பதறினீர்கள். "கொதிக்க வெச்சது கொட்டறதுக்கா?" என்று கேட்டு வால்வில் பூட்டுப் போட்டுச் சாவியைத் தங்கள் மேசையில் வைத்துக்கொண்டீர்கள். வெளியேற வழியில்லாத சேறு, அடியில் கிடந்து வெந்து டியூபோடு டியூபாக ஒட்டிக்கொண்டது. உப்புச் செறிந்து நுரைத்த தண்ணீர் நீராவியோடு கலந்து லைனில் ஏறியது. உலர்ந்த நீராவி போக வேண்டிய இடத்துக்கு ஈர நீராவி போய், டிரையரில் துணி காயாமல் நின்றது. அதற்கு டிரையர் ஆபரேட்டருக்குத் திட்டு விழுந்ததையும் இங்கே நன்றியோடு நினைவுகூர்கிறோம். இல்லாவிட்டால் அது எங்களுக்கு விழுந்திருக்கும்.

கம்ப்ரஸருக்கான கூலிங் டவரிலும் தங்கள் கருணைக்கு அளவில்லை. அங்கே ஆவியாவது சுத்த நீர் மட்டுந்தான். உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஐந்து மடங்கு செறிந்தால் 500 என்பது 2,500 ஆகும். அதற்கு முன்பே ஒரு பங்கைத் திறந்துவிட வேண்டும் என்பது விதி. தாங்கள் அந்தச் சிறு வால்வையும் மூடச் சொன்னீர்கள். இன்று டவரின் ஃபில் முழுக்க வெள்ளைப் படிவு பூத்துக் கிடக்கிறது. கம்ப்ரஸர் வெயிலுக்கு முன்பே சூடாகி நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியில் நிட்டிங் பிரிவினர் டீ குடிக்கிறார்கள்.

நொய்யலின் நேசரே!

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது, ஒரு சொட்டுக் கழிவும் நொய்யல் ஆற்றுக்குப் போகக் கூடாது என்பது இந்தப் பகுதிக்கே வேதமானது. ஆர்.ஓ., அதற்கு மேல் எவாப்பரேட்டர் என்று எத்தனையோ கோடிகள் இறங்கின. அந்த ஏற்பாட்டில் ஒரு புண்ணியமும் இருந்தது. ஆர்.ஓ. வடித்துத் தரும் தண்ணீரில் கடினத்தன்மை அநேகமாக இருக்காது. பாய்லருக்கு அதைவிட நல்ல தண்ணீர் இந்த ஊரில் கிடைக்காது.

தாங்கள் அதை முழுக்கச் சாயப் பிரிவுக்குக் கொடுத்தீர்கள். துணி கடின நீரில் பட்டால் ஷேடு மாறும். ஷேடு மாறினால் பார்ட்டி திட்டுவான். பாய்லர் கடின நீரில் பட்டால் யாரும் திட்ட மாட்டார்கள், சில மாதம் வரைக்கும். கையில் இருக்கும் நல்ல தண்ணீரை யாருக்குக் கொடுப்பது என்ற தர்மசங்கடத்தில், வாயுள்ளவனுக்கே கொடுத்த தங்கள் நியாய உணர்வை என்னவென்று சொல்வது!

எவாப்பரேட்டருக்குப் போகும் செறிந்த கழிவிலும் கால்சியத்தையும் சிலிக்காவையும் முதலில் பிரித்தெடுக்க வேண்டும் என்று அந்த மெஷின் செய்தவர்கள் சொன்னார்கள். அந்தச் செலவையும் தாங்கள் தடுத்தீர்கள். அதன் டியூப்களில் ஜிப்சம் அடைக்க அடைக்க, ஒரே அளவு தண்ணீரைச் சுண்டவைக்க முன்னைவிட அதிக நீராவி கேட்டது. அந்த நீராவியை எங்கள் பாய்லர்தான் கொடுத்தது. இப்படியாக ஆலையின் இரு முனைகளிலும் ஸ்கேல் வளர்ந்து ஒன்றுக்கொன்று கைகொடுத்துக்கொண்டது.

வரலாற்றை வென்ற வித்தகரே!

இந்த உப்புப் படிவோடு மல்லுக்கட்டிப் பல தலைமுறைகள் வீணாய்ப் போயிருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி எஞ்சின் ஓட்டியவர்கள் பாய்லருக்குள் உருளைக்கிழங்கைப் போட்டார்கள். அதன் மாவு, படிவை இறுக விடாமல் சேறாகவே வைத்திருக்கும் என்று அனுபவத்தில் கண்டிருந்தார்கள். ஸ்காட்லாந்தின் அபர்தீனில் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க், தண்ணீரில் சுண்ணாம்பைச் சேர்த்தே தண்ணீரிலுள்ள சுண்ணாம்பை வெளியேற்றும் வழிக்கு 1841-இல் காப்புரிமை வாங்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ராபர்ட் கான்ஸ் சியோலைட் மணிகளால் தண்ணீரை மெதுவாக்கிக் காட்டினார். 1935-இல் இங்கிலாந்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் இருவரும் செயற்கை ரெசினைச் செய்தார்கள். 1936-இல் அமெரிக்காவின் லாங்கலியர், தண்ணீரின் பி.எச்., வெப்பநிலை, கால்சியம், காரத்தன்மை, கரைந்த உப்பு ஆகியவற்றை வைத்து, இது படியவிடும் தண்ணீரா இல்லையா என்று முன்கூட்டியே சொல்லும் குறியீட்டைக் கொடுத்தார்.

இத்தனை பேரின் உழைப்பையும் "அதெல்லாம் வெள்ளக்காரன் பாய்லருக்கு" என்ற ஒரே வாக்கியத்தில் தாங்கள் கடந்தீர்கள். உருளைக்கிழங்கையாவது போடலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டதற்கு, கிலோ என்ன விலை என்று கேட்டீர்கள்.

ஆனால் தங்களை அறிவியலுக்கு எதிரானவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கண்காட்சிக்குப் போய்வந்தபோது ஒரு ஜோடிக் காந்தத்தை வாங்கிவந்து ஃபீட் லைனில் கட்ட வைத்தீர்கள். உப்பு வேண்டாம், மருந்து வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம். காந்தம் ஸ்கேலைத் தடுக்குமா என்று உலகமெங்கும் பல பத்தாண்டுகளாகச் சோதித்து வருகிறார்கள். முடிவுகள் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த விவாதத்தில் நம் பாய்லர் எந்தப் பக்கம் என்பது மேன்ஹோலைத் திறந்தபோது தெரிந்தது. காந்தத்தின் விலை, சாஃப்ட்னருக்கு எத்தனை வருட உப்பு என்று கணக்குப் போடும் கெட்ட பழக்கம் எங்களுக்கு இல்லை.

விறகு வணிகரின் விடிவெள்ளியே!

இவ்வளவும் செய்து தாங்கள் யாரை வாழவைத்தீர்கள் என்பதை இந்த மேடை அறிய வேண்டும். ஸ்கேல், டியூபுக்குப் போர்த்திய கம்பளி. எஃகைவிடப் பல பத்து மடங்கு குறைவாகத்தான் அது சூட்டைக் கடத்தும். நெருப்பு இந்தப் பக்கம், தண்ணீர் அந்தப் பக்கம், கம்பளி நடுவில். தண்ணீர் கொதிக்க வேண்டுமென்றால் நெருப்பைக் கூட்ட வேண்டும். கூட்டிய நெருப்பில் ஒரு பங்கு புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகும். 0.8 மில்லிமீட்டர் கனத்துக்குச் சாதாரணப் படிவு இருந்தால் எரிபொருளில் 2 சதவீதம் வீண் என்றும், அதுவே இரும்பும் சிலிக்காவும் சேர்ந்த படிவானால் 7 சதவீதம் வீண் என்றும் அமெரிக்க எரிசக்தித் துறையின் குறிப்பு சொல்கிறது.

நம் பாய்லர் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 20 டன் விறகு தின்றது. 2 சதவீதம் என்றால் 400 கிலோ. 7 சதவீதம் என்றால் 1,400 கிலோ. தினம் 30 கிலோ உப்பை மிச்சம் பிடித்து, குறைந்தபட்சம் 400 கிலோ சீமைக் கருவேலத்தைக் கொளுத்தும் இந்த ரசவாதத்தைப் புரிந்துகொள்ள எங்களுக்கு வெகுகாலம் பிடித்தது. சூட்சுமம் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. உப்பு, ஸ்டோர்ஸ் செலவு. அதைக் குறைத்தால் ஆண்டு முடிவில் தங்கள் பெயருக்கு நேரே சேமிப்பு என்று எழுதுவார்கள். விறகு, உற்பத்திச் செலவு. அது கூடினால் விறகு ஈரம், விலைவாசி, ஃபயர்மேன் சரியில்லை என்று எழுதுவார்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படிக்கிற ஆள் இந்த ஆலையில் இல்லை என்பதை முதலில் கண்டுகொண்டவர் தாங்கள்தான்.

புகைபோக்கியில் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. புகையின் சூடு 22 டிகிரி ஏறினால் ஒரு சதவீதத் திறன் போயிற்று என்று கணக்கு; உள்ளே படிவு வளர்வதை வெளியே நின்று சொல்லும் கோள்சொல்லி அது. பழுதானபோது மாற்ற வேண்டாம் என்றீர்கள். கோள் சொல்பவர்களை அண்டவிடாத அந்தப் பண்பு பெரியது. விறகுக் கடைக்காரர் தீபாவளிக்குத் தங்கள் வீட்டுக்கு அனுப்பும் இனிப்புப் பெட்டி ஆண்டுக்கு ஆண்டு பெரிதாவதைப் பார்த்து நாங்களும் மகிழ்ந்திருக்கிறோம்.

அமிலம் கண்ட ஆற்றலாளரே!

ஆண்டுச் சோதனைக்கு ஆய்வாளர் வரும் நாள் நெருங்கியது. படிவைக் கரைத்தாக வேண்டிய நிலை. முறையாகச் செய்வோர், முதலில் ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்து அது என்னவென்று பார்ப்பார்கள். சுண்ணாம்புப் படிவானால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரைத்துக் கரையும். ஜிப்சமோ சிலிக்காவோ சேர்ந்து இறுகியிருந்தால் அதே அமிலம் அதை அவ்வளவாகத் தொடாது. அமிலம் இரும்பைத் தின்னாமல் இருக்க இன்ஹிபிட்டர் என்ற காப்பு மருந்தைச் சேர்ப்பார்கள். அமிலமும் இரும்பும் சேர்ந்தால் ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் பக்கத்தில் பீடிகூடப் பற்றவைக்க விட மாட்டார்கள்.

தாங்கள் மூன்று கொட்டேஷனில் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தீர்கள். அதில் இன்ஹிபிட்டர் என்ற வரி இல்லாததால்தான் அது குறைந்தது. அமிலம் ஊற்றியதும் பொங்கிய நுரையைக் கண்டு, "பாத்தீங்களா, எப்படி வேலை செய்யுதுன்னு" என்று பூரித்தீர்கள். அமிலம் எல்லா இடத்திலும் வேலை செய்தது. சுண்ணாம்பு இருந்த இடத்தில் சுண்ணாம்பைத் தின்றது. சுண்ணாம்பு தீர்ந்த இடத்தில் இரும்பைத் தின்றது. சிலிக்கா இறுகிய இடத்தை மட்டும் மரியாதையோடு விட்டுவைத்தது. மெலிய வேண்டியது தடித்தே இருக்க, தடித்திருக்க வேண்டியது மெலிந்தது.

நீதி வழுவா நெறியாளரே!

10 கிலோ அழுத்தத்தில் பாய்லருக்குள் தண்ணீரின் சூடு சுமார் 184 டிகிரி. டியூப் சுத்தமாக இருந்தால் இரும்பின் சூடும் அதைவிடச் சற்றே கூடுதலாக நிற்கும். நெருப்பு எவ்வளவு எரிந்தாலும் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும். இடையில் ஸ்கேல் வந்துவிட்டால் வாங்க ஆளில்லை. இரும்பு 400, 450 என்று ஏறி, வலு இழந்து, உள்ளழுத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் புடைக்கும். புடைத்த இடம் ஒரு நாள் கிழியும்.

நம் ஆலையில் அது ஓர் இரவு ஷிஃப்டில் கிழிந்தது. ஃபர்னஸுக்குள் பீறிட்ட நீராவி, தணலை அள்ளிக்கொண்டு விறகு போடும் கதவு வழியாக வெளியே வந்தது. அந்தக் கதவுக்கு முன்னால் நிற்க வேண்டியவர் அப்போது தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.

மறுநாள் அவருக்கு மெமோ கொடுத்தீர்கள்: பணி நேரத்தில் பணியிடத்தில் இல்லை. இன்னொரு மெமோ பாய்லர் ஆபரேட்டருக்கு: தண்ணீரின் தரத்தைக் கண்காணிக்கத் தவறியது. அவர் லாக் புத்தகத்தைக் காட்டினார். எல்லாக் கட்டத்திலும் நில். "அப்போ ஸ்கேல் எங்கிருந்து வந்துச்சு?" என்று தாங்கள் கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் பூட்டின் சாவியையும் இண்டெண்ட் நகலையும் மேசையில் வைக்க வேண்டும். வைத்தால் வேலை போகும். அவர் பேசாமல் கையெழுத்துப் போட்டார். டியூப் மாற்றிய செலவு 'மராமத்து' என்ற தலைப்பில் போனது. அந்த வருடமும் ஸ்டோர்ஸ் சேமிப்புக்குத் தங்களுக்குக் கேடயம் கிடைத்தது. கேடயம் வாங்கும் படத்தில் பின்னால் கை தட்டிக்கொண்டிருப்பவர் அந்த ஆபரேட்டர்தான்.

தங்களுக்குப் பின் வந்தவரைப் பற்றி ஒரு முறையீடு

ஐயா, தாங்கள் விடுப்பில் இருந்த நாட்களிலேயே பொறுப்பேற்றுக்கொண்ட புதிய மேலாளர் அம்மாவைப் பற்றிக் குறை சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியவில்லை.

வந்த முதல் வாரமே உப்பு வாங்கக் கையெழுத்துப் போட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சாஃப்ட்னர் தண்ணீரைச் சோதிக்கச் சொல்கிறார். லாக் புத்தகத்தில் இப்போது பூஜ்யமும் இருக்கிறது, 4-உம் இருக்கிறது, 12-உம் இருக்கிறது. பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது. 12 என்று எழுதியவரைத் திட்டாமல், ரீஜெனரேஷன் செய்தாயா என்று மட்டும் கேட்கிறார். லாரி மாறினால் கச்சாத் தண்ணீரையும் சோதித்து, எத்தனை லிட்டருக்கு ஒரு ரீஜெனரேஷன் என்று கரும்பலகையில் திருத்தி எழுத வைக்கிறார். நாங்கள் மறுபடி வகுத்தல் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

புளோ டவுன் வால்வின் பூட்டை உடைத்துவிட்டார். அத்தோடு விடாமல் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைக் கையில் கொடுத்து, 3,500-ஐ நெருங்கினால் திற, குறைந்தால் மூடு, சும்மாவும் திறக்காதே என்கிறார். பாஸ்பேட் மருந்தை வாரத்துக்கு ஒருநாள் வாளியோடு கொட்டிவந்த எங்களிடம், தினசரி அளந்து சொட்டுச் சொட்டாக விடும் பம்பைக் கொடுத்திருக்கிறார்.

சாயப் பிரிவில் வீணாய்ப் போய்க்கொண்டிருந்த கண்டென்சேட்டையும் குழாய் போட்டுத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அது நீராவி குளிர்ந்த தண்ணீர். கடினத்தன்மை கிடையாது, சூடும் போகாமல் இருக்கிறது. ஃபீட் தண்ணீர் 6 டிகிரி சூடாக வந்தால் ஒரு சதவீத எரிபொருள் மிச்சம் என்று கணக்குச் சொல்கிறார். அதையும் நம்பி அப்படியே விடுவதில்லை. எங்காவது ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒழுகிச் சாயத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அதையும் சோதிக்க வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் பாய்லருக்கும் ஒரு பங்கு கேட்டு வாங்கிவிட்டார். சாயப் பிரிவோடு சண்டை போட்டுத்தான் வாங்கினார். இந்த வயதில் எங்களுக்குச் சண்டையெல்லாம் தேவையா?

புகைபோக்கிக்குப் புதுத் தெர்மாமீட்டர் வந்திருக்கிறது. போன ஷட் டவுனில் பாய்லரைத் திறந்தபோது தானே குனிந்து உள்ளே பார்த்தார். டியூப்களைப் படம் எடுத்து, அடுத்த வருடப் படத்தோடு ஒப்பிட வேண்டும் என்று ஃபைலில் வைத்திருக்கிறார். எல்லாவற்றையும்விட மோசம், மாத அறிக்கையில் உப்புச் செலவையும் விறகுச் செலவையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி முதலாளிக்கு அனுப்புகிறார். முதலாளி அதைப் படிக்கிறாராம்.

விளைவு என்ன? விறகு லாரி குறைந்துவிட்டது. சுத்தியல், உளி, டியூப் கட்டர் எல்லாம் துருப்பிடிக்கின்றன. இரவு ஷிஃப்டில் ஃபயர்மேன் கதவுக்கு முன்னாலேயே பயமில்லாமல் நிற்கிறார். மெமோ வாங்கி ரொம்ப நாளாகிறது. வாங்குகிற பழக்கமே விட்டுப்போய்விடும் போலிருக்கிறது. இப்படி ஒரு ஆலையை நடத்தினால் வீர சாகசத்துக்கு எங்கே இடம்? தாங்கள் கட்டிக் காத்த பாரம்பரியம் ஒரு மூட்டை உப்பில் கரைந்துகொண்டிருக்கிறது ஐயா.

நிறைவாக ஒரு வேண்டுகோள்

பணி நிறைவுக்குப் பின் தாங்கள் ஓய்வெடுக்கப் போவதில்லை, சில ஆலைகளுக்குச் செலவுக் குறைப்பு ஆலோசகராகப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டு நெகிழ்ந்தோம். எங்கெங்கே போகிறீர்கள் என்று மட்டும் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே விறகு போடும் கதவுக்கு முன்னால் நிற்பவர்களிடம் எங்களுக்கு ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் சேமிப்பால் வாழ்ந்த
பாய்லர் பிரிவுத் தொழிலாளர்கள்